ஈறு கெட்ட வாத்தியார்

"நீங்க யாரும்மா? எங்கியோ பார்த்த முகமா இருக்கு" என்றார் மிக்கேல்ராஜ், பல் டாக்டரின் கிளினிக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து.

அமலோற்பவம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிர் பெஞ்சில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். மிக்கேல்ராஜுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

நீடாமங்கலத்தில் இரண்டு தலைமுறைக்குத் தமிழ் இலக்கணம் புகட்டி ஓய்வு பெற்ற அந்த வாத்தியாருக்கு மறதியெல்லாம் ஒன்றும் கிடையாது. கனடாவில் மகள் பிரின்ஸிக்குப் பிரசவம். அம்மாவும் அப்பாவும் வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன தடவை போய், சன்னல் வழியே பனி கொட்டுவதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர் அவர்.

வரமாட்டேன் என்றால் வீட்டில் போர். புத்தி கலங்கிவிட்டால்? அவரை விமானத்தில் ஏற்றவும் மாட்டார்கள், தனியே விட்டுவிட்டு அமலோற்பவம் போகவும் மாட்டாள். மூன்று வேளைச் சோற்றுக்கும் பங்கம் வராது.

ஆகவே தவக்காலத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார். செருப்பை ஃப்ரிட்ஜில் வைத்தார். வயலில் நின்ற எருமையிடம் வீட்டுப்பாடம் கேட்டார்; அது பயந்துபோய் முட்டி போட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

பிரின்ஸி போனில் பதறினாள். "ஈறு நோய் இருந்தா மறதி நோய் வர்ற வாய்ப்பு கூடுதாம்மா, படிச்சேன். அப்பா பல்லு தேய்க்கிறப்ப ரத்தம் வருமே, மொதல்ல அதைக் காட்டு!" அப்படித்தான் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினார்கள்.

அமலோற்பவம் முதலில் தனியாக உள்ளே போய் டாக்டர் இப்ராஹிமிடம் பேசிவிட்டு வந்தாள். பிறகு மிக்கேல்ராஜ் நாற்காலியில் சாய்க்கப்பட்டார். அவள் ஓரமாக நின்றாள்.

"ஈறு நல்லா வீங்கி, பல்லை விட்டே விலகியிருக்கு" என்றார் டாக்டர், வாய்க்குள் கண்ணாடியை விட்டபடி. "இதுக்கும் மறதிக்கும் தொடர்பு இருக்குன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்கம்மா. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எப்படியும் க்ளீன் பண்ணிடுவோம்."

மிக்கேல்ராஜ் கூரையைப் பார்த்து மந்தமாகச் சிரித்தார்.

"இந்த ஈறைப் பார்த்தா" என்றார் டாக்டர், "பள்ளிக்கூடத்துல படிச்சதுதான் ஞாபகம் வருது. ஈறுகெட்ட எதிர்மறை வினையெச்சம்!"

நாற்காலி அதிர்ந்தது. கண்ணாடி ஒரு பக்கமும் பஞ்சு ஒரு பக்கமும் பறந்தன.

"வினையெச்சமா? எந்த மடையன்யா உனக்குச் சொல்லிக்குடுத்தான்? பெயரெச்சம்! ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்! 'ஓடாத குதிரை'யில கடைசி 'த' கெட்டு 'ஓடாக் குதிரை'! நடுவுல 'க்' போட மறந்தே, தோலை உரிச்சிடுவேன்!"

டாக்டர் அமலோற்பவத்தைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே தப்பாச் சொன்னேனாம்மா?"

"ரொம்பச் சரியா தப்பாச் சொன்னீங்க, டாக்டர்."

மிக்கேல்ராஜ் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரி விடு, அமலி. எனக்கும் ஒரு ஸ்வெட்டர் எடுத்து வை" என்றார் ஈனசுரத்தில்.

அவள் அதைக் காதில் வாங்காமல் மகளுக்குப் போன் போட்டாள்.

"பிரின்ஸி, அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. அவரை யாரும் பக்கத்துல இருந்து பார்த்துக்க வேணாம். டிக்கெட் எனக்கு மட்டும் போடு!"