வாசல் சிற்பம்

"சிற்பியோட பேரைப் பலகையில எழுதுங்க, மேடம்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே டாரியாவிடம் சொல்லியிருந்தார்கள்; இருந்தும் கேட்டுவிட்டாள். கனடாவின் சஸ்கட்டூன் நகர வசந்த விழாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் கலைக்கூட வாசலில் இருந்த அந்தச் சிற்பத்தைத்தான் மொய்த்துக்கொண்டிருந்தது.

"பேர் தெரியாததுதான்டி அதோட அழகே," என்றாள் நிர்வாகி மார்லீன். "தினமும் உருவம் மாறுது பாரு! அந்தக் கறுப்பு வரிகள், நடுவுல தலைகீழா ஒரு கடைத் தள்ளுவண்டி... இப்படிச் செய்ய எவ்வளவு பெரிய மனசு வேணும்!"

"மனசு வேணாம் மேடம், லைசென்ஸ் போதும். செஞ்சது எங்கப்பா."

"உங்கப்பா மாநகராட்சி டிரைவர்தானே?"

"ஆமா. பனி தள்ளுற வண்டி. குளிர்காலம் பூரா தெருப் பனியைத் தள்ளிட்டு வந்து இங்கதான் குவிச்சார்; அதுதான் இப்போ உருகுது. 'வாசல்ல அழுக்கு மலை'ன்னு ஜனவரியில நீங்கதான் புகார் எழுதினீங்க. அவருக்கு மெமோ கொடுத்தாங்க."

மார்லீன் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசு. பனி தள்ளுறவன் பேரையா போடச் சொல்றே? ஊரே சிரிக்கும். வாயை மூடிட்டு இருந்தா உன் வேலையை நிரந்தரமாக்கிடறேன்."

"எங்கப்பா பேரைப் போட்டிருந்தா நானே அவரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்."

"எங்கேர்ந்து?"

"வாசல்லேர்ந்து. உங்க புகார் மேல மாநகராட்சி இன்னைக்குத்தான் நடவடிக்கை எடுக்குது."

அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் போட்டாள் டாரியா. வெளியே உறுமிக்கொண்டிருந்த பனி அள்ளும் வண்டியில் இருந்த அப்பாவுக்கு 'அள்ளுங்கப்பா' என்று கைகாட்டியபடியே படியிறங்கினாள்.