வண்டி யாருது?

“அந்த பிரேக் டிரம்மைக் கீழ வைங்க. வண்டி யாருது?”

பின்சக்கரத்தடியில் குந்தியிருந்த லைல் திடுக்கிட்டு எழுந்ததில் மட்காடு நெற்றியில் இடித்தது. கேரேஜ் வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வீட்டுச் செருப்பு, கையில் ஆவி பறக்கும் காபிக் கோப்பை, முகம் முழுக்கச் சந்தேகம்.

“என்னுதுதான் சார்.”

“இது ஆர்வில் பிராண்ட் வீடு. நீங்க யாரு?”

“அவரோட தங்கச்சி பையன். மாமா தவறினப்போ வீட்டையும் வண்டியையும் எனக்குத்தான் எழுதி வச்சாரு.”

லைலுக்கு இது புதிதில்லை. அமெரிக்காவில், நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊருக்கு அவன் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், சர்ச், எங்கே போனாலும் ஆட்கள் மேலும் கீழும் பார்த்தார்கள். வாசல் தபால் பெட்டியில் மாமாவின் பெயரை மாற்றக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது.

அவன் நம்பியிருந்ததெல்லாம் நாளைய ஊர்வலத்தைத்தான். சுதந்திர தினத்தன்று இந்தச் சிவப்பு பிக்கப்தான் எப்போதும் முதலில் போகும். நாளை அதை அவன் ஓட்டிப் போனால், ஊர் அவனையும் தன் ஆளாகச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு முதலில் வண்டி பிரேக் மிதித்த இடத்தில் நிற்க வேண்டும்.

பெரியவர் உள்ளே வந்து குனிந்து பார்த்தார்.

“சொந்த வண்டிங்கறீங்க. ரெண்டு பக்கத்தையும் ஒரேயடியா பிரிச்சுப் போட்டிருக்கீங்க? ஒரு பக்கத்தை விட்டு வச்சு, அதைப் பாத்துத்தானே மறுபக்கம் மாட்டணும்?”

லைலுக்குக் காது சூடானது. “முதல் தடவை சார்.”

“திருடனும் இதைத்தான் சொல்வான். சாவி எங்க?”

லைல் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான்.

“எந்தச் சாவியையும் காட்டலாம். ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்.”

பண்ணினான். ஐம்பதுகளில் செய்த இன்ஜின், முதல் திருப்பிலேயே உறுமியது. பெரியவர் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் காது கொடுத்தார்.

“டேங்க்ல எவ்வளவு இருக்கு? முள்ளைப் பாக்காம சொல்லணும்.”

“ஃபுல்லு சார். ஊர்வலத்துக்காக நேத்துதான் கேன்ல வாங்கியாந்து ஊத்தினேன்.”

“பேப்பரு?”

லைல் டாஷ்போர்டிலிருந்து எடுத்து நீட்டினான். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வரிவரியாகப் படித்தார்.

“ம். எடுத்த இடத்துலயே வைங்க. வீட்ல உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

“பொண்டாட்டி ஒமாஹா போயிருக்கா சார். வர ராத்திரி ஆயிடும்.”

“ஆக, உங்களுக்காகப் பேச ஒரு ஆள் கிடையாது.”

“இல்ல சார்” என்றான் லைல், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்பவன் போல.

பெரியவர் கோப்பையைப் பலகைமேல் வைத்துவிட்டு டிரம்முக்கு முன்னால் மண்டியிட்டார். “வண்டி உங்களுதாவே இருக்கட்டும். ஆனா பிரேக் ஷூவை மாத்தி மாட்டியிருக்கீங்களே! லைனிங் குட்டையா இருக்கறது முன்னாடி வரணும், நீளமானது பின்னாடி. இப்படியே போனா, நாளைக்கு பேண்டு வாத்தியக்காரங்க மேலதான் போய் நிப்பீங்க.”

லைல் சிரித்துவிட்டான். இந்த ஊருக்கு வந்தபின் அவனிடம் ஒருவர் கேலியாகப் பேசுவது இதுதான் முதல் தடவை. அழுகை வருமளவுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் பெரியவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். விரலைக் கடிக்கும் அந்தப் பொல்லாத ஸ்பிரிங்குகளை இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற எப்படியும் இரண்டு பேர் வேண்டும். பெரியவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், லைல் அடியில் படுத்தான்.

“மிதிங்க சார்!”

“மிதிச்சாச்சு!”

“விட்டுடாதீங்க!”

“நீங்க முதல்ல நிப்பிளை இறுக்குங்க!”

சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கியதும் பெரியவர் மறுபடி பழைய முகத்துக்குத் திரும்பினார்.

“பிரேக் போட்டா வண்டி ஒரு பக்கமா இழுக்குதான்னு வெளிய நின்னு பாக்கணும். பாக்கத் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும் சார்!”

“அப்ப பாருங்க” என்று பெரியவர் ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

பிக்கப் மெல்லத் தெருவில் இறங்கியது. எதிர்வீட்டு மேப்பிள் மரத்தடியில் பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி ஒரு விரற்கடைகூட விலகாமல் நேராக நின்றது.

“நேரா நிக்குது சார்!” லைல் நடுத்தெருவில் நின்று கை தட்டினான். ஜன்னலுக்கு வெளியே ஒரு கை நீண்டு அசைந்தது. முனையில் இன்னொரு முறை அழகாக நின்று, வண்டி வலப்பக்கம் திரும்பியது.

லைல் தெருவிலேயே காத்திருந்தான். பிறகு முனைவரை நடந்து பார்த்தான். பிறகு ஓடினான்.

சாயங்காலம் வந்த போலீஸ் அதிகாரி நோரீன், தெருவில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டுவிட்டார். அப்படி ஒரு பெரியவரை யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்து, வெறிச்சென்றிருந்த கேரேஜில் நின்ற லைலை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏங்க, முன்னப்பின்ன தெரியாத ஒரு மனுஷன் உள்ள வர்றாரு. நீங்க யாரு, எந்த வீடுன்னு அவரை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

லைல் தலையைக் குனிந்துகொண்டான்.

“கேள்வியெல்லாம் அவருதாங்க கேட்டாரு!”