கெஸ்ட்ரிக்

“வயித்துக் கிருமியால புற்றுநோயும் வருமா டொக்டர்?” என்று ஜெனூபா மூன்று மாதத்துக்கு முன் கேட்டாள். “எல்லாருக்கும் வராது. கன வருசம் இருந்து புண்ணாக்கினா சிலருக்கு வரும். கண்டுபிடிச்சா மருந்தால அழிக்கலாம். உங்கட புருசனக் கூட்டி வாங்க.” இன்று வரை அவன் போகவில்லை. சாய்ந்தமருதுக் கடற்காற்றில் யன்னல் சீலை அசைகிறது. மீன் ஆணம் ஊற்றிய சோற்றில் இரண்டு பிடி தின்ற அவள் கணவன் ஜவாத், நெஞ்சைத் தடவியபடி சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைக்கிறான். “கெஸ்ட்ரிக்தான் புள்ள, நெஞ்செரிவு. சோடா ஒண்டு குடிச்சா சரி.” அவனுடைய காக்காவும், கூடப்பிறந்த அண்ணன், கெஸ்ட்ரிக் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்; வயிற்றுப் புற்றுநோய் என்று ஊருக்குத் தெரிந்தது ஜனாஸாவை அடக்கிய அன்றுதான். அந்தப் பேச்சை எடுத்தாலே ஜவாத் எழுந்து போய்விடுவான். ஜெனூபா அவன் கைகழுவத் தண்ணீர் ஊற்றுகிறாள். ஊற்றி முடித்ததும் அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொள்கிறாள். “மச்சான், எனக்குப் பயமாக் கிடக்கு. நாளைக்கு என்னோட டொக்டரிட்ட வாங்க.”