ஏழாம் நாள்

பார்வையற்றவர்களுக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் அந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு, சம்பளமில்லாமல் உழைக்க, இரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஏழு நாட்கள் சேர்ந்தாற்போல் ஒரு புகாரும் வராவிட்டால் புதுப் பதிப்பை வெளியிடலாம் என்பது அவர்களே வைத்துக்கொண்ட விதி. இரண்டு வருடமாக நான்காம் நாளைத் தாண்டியதில்லை. இன்று ஏழாம் நாள். புகார்ப் பட்டியல் காலியாகக் கிடந்தது.

“போட்டுடலாமா மெஹர்?” என்று போனில் கேட்டார் இருதயராஜ். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாத குரல்.

“ஒரு நிமிஷம் இருங்க.”

மெஹருன்னிசாவுக்கு அந்த அமைதி பிடிபடவில்லை. கண்களை மூடிக்கொண்டு, தங்கள் மென்பொருளின் குரலை மட்டும் நம்பி, விசைகளைத் தட்டித் தட்டிப் புகார்ப் பக்கத்துக்குள் போனாள். பெயர் என்றது குரல். மின்னஞ்சல் என்றது. உங்கள் புகார் என்றது. அடுத்து ‘அனுப்பு’ பொத்தான் வரவேண்டும். போன வாரம் அவள்தான் அதிலிருந்த எழுத்தை எடுத்துவிட்டு அழகான புதுப் படம் வைத்திருந்தாள். விசையைத் தட்டினாள்.

“மெஹர், இருக்கீங்களா? போட்டுடட்டா?”

கண்ணைத் திறக்காமல் மறுபடி தட்டினாள். குரல் பொத்தானைச் சொல்லாமலே தாண்டி, பக்கத்தின் தலைப்புக்குத் திரும்பி வந்து சொன்னது: உங்கள் புகார்களை வரவேற்கிறோம்.