தண்ணி பத்தலையாம்

"அந்த ஜக்கை இங்க குடுங்க. இன்னும் வயிறு ரொம்பல."

தேன்மொழி கையை நீட்டினாள். சுகுமாறன் கொடுக்கவில்லை. ஜக்கைச் சமையல் மேடையின் மறுகோடிக்குத் தள்ளி வைத்தான்.

"போதும்மா. விடியறதுக்கு முன்னாலேர்ந்து குடிச்சிக்கிட்டே இருக்க."

"போன வாரமும் போதும்னு நெனச்சுதான் கிளினிக்குக்குப் போனேன். என்ன ஆச்சு? தண்ணி பத்தலையாம், பாப்பா சரியாத் தெரியலையாம். இந்தத் தடவ அந்தப் பேச்சே வரக் கூடாது."

அவளே எட்டி ஜக்கை எடுத்து, மைலோ கலக்குகிற பெரிய மக்கில் ஊற்றிக்கொண்டாள். மற்ற நாளில் தண்ணீர் குடி என்றால் முகத்தைச் சுளிப்பவள். பால் சேர்க்காத கோப்பி ஓவிலேயே பொழுதை ஓட்டுகிறவள். ஆனால் இது கல்யாணமாகி எத்தனையோ வருடம் ஏங்க வைத்துவிட்டு வந்த பிள்ளை. மாதம் குறைவாக இருப்பதால், மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் தெளிவாகத் தெரியும் என்று கிளினிக் தாதி முதலிலேயே சொல்லியிருந்தாள். அதனால் மூச்சு விடாமல் குடித்தாள்.

"இன்னிக்கு ஸ்கிரீனை என் பக்கம் திருப்பச் சொல்லப் போறேன். நானும் பாக்கணும்ல?"

சுகுமாறன் தொண்டையைச் செருமினான்.

"தேனு... இன்னிக்கு வேணாமே. அடுத்த வாரம் போலாமே."

"நல்ல அப்பாலா நீங்க! பிள்ளையப் பாக்க ஆசையே இல்லியா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் வாசலில் ஹார்ன் சத்தம் கேட்டது. பத்து பாகாட் ஊரிலிருந்து அவனுடைய அக்கா புஷ்பவள்ளி காரோட்டி வந்துவிட்டாள். தம்பி பிள்ளையின் ஸ்கேன் படத்தை முதலில் பார்க்கிற ஆள் தான்தான் என்று ஒரு வாரமாகப் போனில் அவள் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

"ரெடியா தேனு? அலமாக், ஏன் மொகம் இப்படி வெளுத்திருக்கு?"

"தலை வலிக்குது அண்ணி. வாந்தி வேற. குடிச்சதெல்லாம் வீணாப் போச்சேன்னு மறுபடியும் குடிச்சேன்."

"மசக்கைலா! வாந்தி வந்தா பிள்ள நல்லா இருக்குன்னு அர்த்தம்." புஷ்பவள்ளி தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்டா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? அப்பனாகப் போறவன் கொஞ்சம் சிரிச்சா கொறஞ்சா போயிடுவ?"

தேன்மொழி சிரித்தாள். செருப்பு மாட்டப் போனவள் இடக்கால் செருப்பை வலக்காலில் நுழைத்தாள். மறுபடியும் அதையே செய்தாள்.

"அண்ணி... இது யாரு வீடு?"

நாக்குக் குழறியது. தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துப் புஷ்பவள்ளி சிரிக்கப் போனாள். அடுத்த நொடி தேன்மொழிக்குக் கை கால் இழுத்துக்கொள்ள, வாசற்படியிலேயே சரிந்து விழுந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் புஷ்பவள்ளி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சுகுமாறன் யாரையும் கூப்பிடவில்லை. கதவையே பார்த்தபடி நின்றான். வெகு நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார்.

"பயப்படாதீங்க, உயிருக்கு ஆபத்து இல்ல. ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்கிப் போச்சு. அதனால மூளை வீங்கி வலிப்பு வந்திருக்கு. அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சிருக்காங்க."

"தண்ணியா? வெறும் தண்ணி குடிச்சா இப்படி ஆகுமா டாக்டர்?" புஷ்பவள்ளியால் நம்ப முடியவில்லை.

"கொஞ்ச நேரத்துல இவ்வளவும் குடிச்சா ஆகும்மா. கிட்னி வெளியேத்தறத விட வேகமா உள்ள போனா ஒடம்பு தாங்காது. யாரு இவங்கள இப்படிக் குடிக்கச் சொன்னது?"

"அந்தக் கிளினிக் டாக்டருதான்! அவரு சொன்னத நம்பித்தான் இந்தப் பைத்தியக்காரப் பொண்ணு..." புஷ்பவள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப கண்ணத் தொறந்துட்டாங்க," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணையேதான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. 'இந்தத் தடவ தண்ணி பத்துச்சா, பாப்பா தெரியுதா'ன்னு. ஸ்கேன் மெஷின் கொண்டு வரச் சொல்லியிருக்கேன். பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் உள்ளே போனதும் புஷ்பவள்ளி கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"அந்தக் கிளினிக் நம்பர் சொல்லு. அந்த ஆள நான் சும்மா விடப் போறதில்ல. போலீஸ் ரிப்போர்ட்டே போடுறேன்."

சுகுமாறன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாங்கா. அவரு மேல தப்பில்ல."

"தப்பில்லையா? தண்ணி பத்தலைன்னு சொல்லித்தானேடா அவளை இந்தக் கதிக்கு ஆளாக்கினாரு?"

சுகுமாறன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்துகொண்டு வந்தது.

"போன வாரம் ஸ்கேன் முடிஞ்சதும் அவ அடக்க முடியாம டாய்லெட்டுக்கு ஓடுனா. அப்பதான் டாக்டர் என்கிட்ட சொன்னாரு, பாப்பாவுக்கு நெஞ்சுத் துடிப்பு நின்னு போச்சு, இன்னொரு தடவ பாத்துட்டு எடுத்துடலாம்னு. அவ சிரிச்சிக்கிட்டே வந்து, 'பாப்பா எப்படி இருக்காம்?'னு கேட்டா. எனக்குச் சொல்ல வாய் வரலக்கா... தண்ணி பத்தலையாம்னு நான்தான் சொன்னேன்."