சாப்பாட்டோடு ஒரு மாத்திரை

ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்த எண்பத்தெட்டாம் வருஷத்தை நினைத்தால், வனஜாவுக்கு முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஞாபகம் வரும்.

"இன்னா வனஜா, இன்னும் அந்த மாத்திரைய சாப்ட்டுகினு கீறியா?" பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் வாசலில் நின்று கேட்டாள்.

"ஆமாக்கா. ஒடம்புல ஏதோ ஹார்மோன் கம்மின்னு டாக்டர் சொன்னாரு."

"பாவம் உத்தமன்! உன்னக் கட்டிக்கினு அவஸ்தைப்படுது."

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வனஜாவின் கணவன் உத்தமன், சோற்றுக் கையோடு எழுந்து வந்தான்.

"அக்கா, மாத்திரை எனக்கு. ஆம்பள ஹார்மோன் எனக்குத்தான் கம்மி. என் மானம் போவக் கூடாதுன்னு இவ பழிய ஏத்துக்கினா."

வனஜாவுக்குக் கண் கலங்கியது.

ஜெகதாம்பாள் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எந்த டாக்டரு தம்பி? எங்க ஊட்டுக்காரரும் ரொம்ப நாளா சோர்ந்தே கீறாரு."