துளை விழாத மண்

ஆய்வுக்கூடத்தில் குடுவையைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இந்தத் தடவையும் கைகொடுக்கவில்லை என்று.

அடியில் சாம்பல் நிறக் கட்டி ஒன்று பிடித்துக்கொண்டிருந்தது. கரண்டியால் தட்டினால் ‘டங்’ என்றது. துளையுள்ள பொருள் இப்படிச் சத்தம் போடாது.

வெள்ளைக் களிமண்ணைச் சுட வேண்டும். சுட்டதைக் காஸ்டிக் சோடாக் காரம் விட்டுக் கூழாக்கி, எஃகுக் குடுவையில் பூட்டி, அடுப்பில் வைக்க வேண்டும். மண் தன் பழைய உருவத்தை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு புதுப் படிகமாக எழுந்து வர வேண்டும். அந்தத் துளைகளில் அம்மோனியா போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் நெடி இருக்காது.

காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் வருகிறது.

அடுப்பில் சூடு கொஞ்சம் கூடினால் கல்லாகிறது. குறைந்தால் சேறாகவே கிடக்கிறது. சரியான சூடு இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒளிந்துகொண்டு அவளுக்குத் தண்ணி காட்டுகிறது.

நிறுவனம் இதைக் கேட்டது கோழிப் பண்ணைகளில் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடியை அடக்க. மேலாளருக்கே இப்போது ஆசை விட்டுப்போய்விட்டது.

“கோழிங்களே ஒண்ணும் சொல்லல, நீ ஏம்மா இப்படி மல்லுக்கட்டுற?” என்று நேற்று சிரித்தார். சிரித்தபடியே, அடுத்த வாரம் அடுப்பு வேறு வேலைக்குப் போகிறது என்றும் சொல்லிவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் குடுவையை வேண்டா வெறுப்பாகத்தான் திறந்தாள்.

உள்ளே மாவு போல் வெள்ளைத் தூள்.

நம்ப முடியவில்லை. காரம் போகும்வரை கழுவினாள். உலர்த்தினாள். அம்மோனியா கலந்த தண்ணீர்ப் பாட்டிலில் போட்டுக் குலுக்கிவிட்டுக் காத்திருந்தாள். இதுவரை எந்தத் தூளும் இந்தச் சோதனைவரை வந்ததில்லை. கருவியில் அளக்க வரிசை நீளம். அதுவரை பொறுக்க அவளால் ஆகாது.

மூடியைத் திறந்து, கையால் விசிறி மோந்து பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

பாட்டிலின் வாயருகிலேயே மூக்கைக் கொண்டுபோனாள். ஈர மண் வாசனை. அவ்வளவுதான்.

“அக்கா, வந்திருச்சு! மோந்து பாருங்க!”

பக்கத்து மேசை அக்கா ஓடி வந்து குனிந்தாள். குனிந்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இருமல். கண்ணில் தண்ணீர்.

“ஐயோ, கண்ணெல்லாம் எரியுது! இதையா வந்திருச்சுங்கற?”

அவளோ மறுபடியும் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய், மூச்சை இழுத்து மோந்தாள். அதே ஈர மண்.

எரிச்சல் தலைக்கேறியது. ‘நடிக்காதீங்கக்கா’ என்று வாய்வரை வந்தது. வந்த சொல் அங்கேயே நின்றுவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தன் தங்கையிடம் அவள் சொன்ன சொல் அது.

அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து தூக்குவது, துடைப்பது, மூத்திரத்தில் நனைந்த துணியை மாற்றுவது எல்லாம் அவள்தான். படுப்பதும் அந்த அறையில்தான். தங்கை எப்போது வந்தாலும் மூக்கைப் பொத்தியபடி வாசலோடு நின்றுவிடுவாள். “நாத்தம் தாங்கலக்கா” என்பாள். பெற்ற தாயின் பக்கத்தில் உட்கார மனம் வராதவளுக்கு அது ஒரு சாக்கு. அந்தச் சாக்கைப் பிடுங்கிவிடத்தான் அவளுக்கு இந்தத் தூள் வேண்டியிருந்தது.

அன்று பொறுமை போய்விட்டது. “நடிக்காதடி” என்று சொல்லி, தங்கையின் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாள். பிறகு அங்கிருந்து ஒரு போன்கூட இல்லை.

பாட்டிலைப் பிடித்தபடியே தன் துப்பட்டா நுனியை மோந்து பார்த்தாள்.

“அக்கா… என் மேலயும் இந்த நாத்தம் வருதா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினாள். மூடியைப் போட்டுத் திருகினாள்.

இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருந்தாள்.